கிரேடு 1 வாங்கியவர் முதலா, கடைசியா?

இந்த எபிசோடை ஒரு சின்னப் புதிரோட ஆரம்பிக்கலாம்.

உங்க முன்னாடி ரெண்டு சர்டிபிகேட் இருக்குன்னு வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டுமே இங்கிலாந்தில் பதினாறு வயதில் பள்ளித் தேர்வு எழுதியவர்களுடையது. ரெண்டிலும் பாடம் கணக்கு. ரெண்டிலும் போட்டிருப்பது ‘கிரேடு 1’. ஒன்று 1982-ல் கொடுத்தது, இன்னொன்று 2022-ல் கொடுத்தது. யார் கணக்கில் கெட்டி?

1982-காரர்தான். அவர் எழுதிய தேர்வில் 1 என்பதுதான் உச்சம், 5 என்பது கடைசி. 2022-ல் எல்லாம் தலைகீழ். 9 உச்சம், 1 கடைசி.

புதிர் இதோட முடியவில்லை. அந்த 1982-காரர் தன் தேர்வில் எடுக்க முடிந்த ஆகப்பெரிய கிரேடை எடுத்திருக்கிறார். ஆனால் அதே ஊரில், அதே வருடம், அதே கணக்குப் பாடத்தில் வேறொரு தேர்வு எழுதி ‘சி’ வாங்கியவரும் இவரும் சமம் என்றுதான் அரசு சொன்னது. அந்தத் தேர்வில் சி-க்கு மேலே பி இருக்கிறது, அதுக்கும் மேலே ஏ இருக்கிறது. நம்ம ஆள் தாள் முழுக்கச் சரியாக எழுதியிருந்தாலும் ஏ கிடைக்காது. அவர் உட்கார்ந்திருந்த அறையில் அந்த எழுத்தே கிடையாது.

அந்த ரெண்டு தேர்வுகளில் ஒன்றின் பெயர் ஓ லெவல். இன்னொன்று சி.எஸ்.இ. ரெண்டும் 1987-ல் ஒரே நேரத்தில் முடிவுக்கு வந்தன. இன்றைக்கு அவற்றின் கதை.

ஒன்று போனால் எல்லாம் போச்சு

முதலில் கொஞ்சம் பின்னாடி போகணும். 1918-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘ஸ்கூல் சர்டிபிகேட்’ என்று ஒரு தேர்வு வந்தது. பதினாறு வயதில் எழுதுவது. அதில் பாஸ், கிரெடிட், டிஸ்டிங்ஷன் என்று மூன்று படிகள். பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேண்டுமானால் வெறும் பாஸ் போதாது, கிரெடிட் வேண்டும். இந்த ‘கிரெடிட்’டைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி திரும்பி வரும்.

இந்தத் தேர்வு ஒரு மொத்த மூட்டை. பாடங்களைக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். ஆங்கிலம், வரலாறு மாதிரியான பாடங்கள் ஒரு பக்கம், வெளிநாட்டு மொழிகள் ஒரு பக்கம், கணக்கும் அறிவியலும் ஒரு பக்கம். ஒவ்வொரு குழுவிலும் தேறினால்தான் சர்டிபிகேட். கணக்கில் புலி, வரலாற்றில் புலி, ஆனால் பிரெஞ்சில் கோட்டை விட்டுட்டீங்களா? கையில் ஒன்றுமே கிடையாது. திரும்பவும் முழுசாக எழுதணும்.

1951-ல் இதை மாற்றினார்கள். ‘ஜெனரல் சர்டிபிகேட் ஆஃப் எஜுகேஷன்’, சுருக்கமாக ஜி.சி.இ. அதில் பதினாறு வயதுக்கு ஆர்டினரி லெவல், அதாவது ஓ லெவல். பதினெட்டு வயதுக்கு அட்வான்ஸ்டு லெவல், அதாவது ஏ லெவல். இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் அத்துப்படி. ‘கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்’ என்பது இந்த ஜி.சி.இ.-யின் நேர் தமிழ்தான். க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் என்று அங்கே இன்றைக்கும் நடக்கிறது.

ஓ லெவலின் பெரிய புதுமை, மூட்டையை அவிழ்த்தது. ஒவ்வொரு பாடமும் தனித்தனி. நாலு பாடத்தில் பாஸ் ஆனால் நாலுக்கும் சர்டிபிகேட். ஜான் மேஜர் தெரியும் இல்லையா, 1990-ல் பிரிட்டிஷ் பிரதமர் ஆனவர். அவர் 1959-ல் பள்ளியை விட்டு வெளியே வரும்போது கையில் இருந்தது மூன்றே மூன்று ஓ லெவல். பழைய முறை தொடர்ந்திருந்தால் அந்த மூன்றுக்கும் மதிப்பே இருந்திருக்காது.

அதுவரைக்கும் நல்ல செய்தி. ஆனால் ஓ லெவலில் பாஸ் என்ற கோட்டை எங்கே போட்டார்கள் தெரியுமா? பழைய தேர்வின் ‘பாஸ்’ இருந்த இடத்தில் இல்லை. பழைய ‘கிரெடிட்’ இருந்த இடத்தில். நேற்று வரை பாஸ் என்று சொல்லப்பட்ட ஒரு மதிப்பெண், புதுத் தேர்வில் பெயில். பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டிருந்த தகுதி, எல்லாருக்குமான குறைந்தபட்சத் தகுதி ஆகிவிட்டது. ஆரம்பத்தில் ஏ, பி, சி எதுவும் கிடையாது. சர்டிபிகேட்டில் பாஸ் ஆன பாடங்கள் மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் காணாமல் போய்விடும்.

பதினோரு வயதில் ஒரு தீர்ப்பு

சரி, இந்தத் தேர்வை யார் எழுதினார்கள்? இங்கேதான் கதை கனமாகிறது.

1944-ல் இங்கிலாந்தில் ஒரு பெரிய கல்விச் சட்டம் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உயர்நிலைக் கல்வி. அதுவரை காசு கட்டிப் படித்த பள்ளிகள் பல இலவசமாகத் திறந்தன. ஆனால் எல்லாரும் ஒரே பள்ளிக்குப் போகவில்லை. பதினோரு வயதில் ஒரு தேர்வு, பெயரே ‘லெவன் பிளஸ்’. தேறினால் கிராமர் ஸ்கூல். தேறாவிட்டால் செகண்டரி மாடர்ன் ஸ்கூல். நடுவில் டெக்னிக்கல் ஸ்கூல் என்று ஒன்று திட்டத்தில் இருந்தது, ஆனால் மிகச் சில ஊர்களில்தான் கட்டினார்கள்.

இதுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. 1943-ல் வந்த நார்வுட் அறிக்கை, பிள்ளைகளின் மூளையே மூன்று வகை என்று சொன்னது. புத்தகத்தில் ஊறுகிறவர்கள், இயந்திரத்தில் கை வைக்கிறவர்கள், கண்ணால் பார்க்கிற பொருளை மட்டும் புரிந்துகொள்கிறவர்கள். பதினோரு வயதில் ஒரு நாள் காலையில் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு இதைப் பிரித்துக் காட்டிவிடும் என்றும் நம்பினார்கள்.

கிராமர் ஸ்கூலுக்குப் போனவர்கள் தோராயமாக ஐந்தில் ஒருவர். ஊருக்கு ஊர் இது மாறும், ஏனென்றால் ஒவ்வொரு ஊரிலும் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை பேர்தான் ‘புத்திசாலி’. வேல்ஸில் பல பகுதிகளில் கிராமர் பள்ளி இடங்கள் அதிகம், அதனால் அங்கே புத்திசாலிகளும் அதிகம்! இன்னொன்று, பதினோரு வயதில் பொதுவாகப் பெண் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் எடுப்பார்கள். இடத்தைச் சரிபாதியாகக் காட்ட, பல மாவட்டங்களில் பெண்களுக்கான கட்-ஆஃபை உயர்த்தி வைத்தார்கள். கட்-ஆஃப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது பதினோரு வயசுப் பிள்ளைக்கு.

ஓ லெவல் இந்த கிராமர் ஸ்கூல் பிள்ளைகளுக்காகவே வடிவமைத்த தேர்வு. 1951-ல் வந்த விதிப்படி பதினாறு வயது ஆகாதவர் எழுதக்கூடாது. அப்போது சட்டப்படி பள்ளியை விட்டு நிற்கலாம் என்ற வயது பதினைந்து. செகண்டரி மாடர்னில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் பதினைந்தில் நின்று வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போ பதினாறு என்று விதி போட்டால் என்ன அர்த்தம்? கதவில் பூட்டுப் போடாமலே கதவைச் சாத்தியாச்சு.

அதிகாரிகள் இதைக் கெட்ட எண்ணத்தோட செய்யவில்லை என்பதையும் சொல்லணும். செகண்டரி மாடர்ன் பிள்ளைகளைத் தேர்வுத் தொல்லையிலிருந்து விடுவிக்கிறோம், அவர்கள் சந்தோஷமாகத் தோட்டவேலை, தச்சுவேலை, சமையல், இலக்கியம் என்று படிக்கட்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன நியாயம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பெற்றோருக்கு வேறு ஒன்று தெரிந்திருந்தது. ஒரு அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வி, ‘சர்டிபிகேட் இருக்கா?’ என்பதுதான்.

அதனால் என்ன நடந்தது? அந்த வயது விதி சில வருடங்களில் தளர்ந்தது. செகண்டரி மாடர்ன் பள்ளிகளில் சில ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூடுதல் ஒரு வருடம் இருக்கவைத்து ஓ லெவல் எழுத வைத்தார்கள். பிள்ளைகள் பாஸும் ஆனார்கள். பதினோரு வயதில் ‘உனக்குப் புத்தகப் படிப்பு வராது’ என்று தீர்ப்பு வாங்கிய பிள்ளை, பதினாறு வயதில் கிராமர் ஸ்கூல் பிள்ளை எழுதும் அதே தாளை எழுதி அதே பாஸ் வாங்குகிறது. ஒவ்வொரு பாஸும் லெவன் பிளஸ் மேல் விழுந்த ஒரு கேள்விக்குறி.

ரெண்டாவது தேர்வு

தேவை இருக்கிற இடத்தில் கடை திறப்பார்கள் இல்லையா? பல தனியார் அமைப்புகள் செகண்டரி மாடர்ன் பிள்ளைகளுக்கென்று தேர்வு நடத்தி சர்டிபிகேட் கொடுக்க ஆரம்பித்தன. இதை ஒழுங்குபடுத்த 1958-ல் ஒரு குழு போட்டார்கள். தலைவர் ராபர்ட் பெலோ. 1960-ல் அறிக்கை வந்தது, 1965-ல் புதுத் தேர்வு வந்தது. ‘சர்டிபிகேட் ஆஃப் செகண்டரி எஜுகேஷன்’, அதாவது சி.எஸ்.இ.

கணக்குப் போட்டது இப்படி. ஒரு வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்தால், மேலே உள்ள 20 சதவீதம் ஓ லெவலுக்கு. அடுத்த 40 சதவீதம் சி.எஸ்.இ.-க்கு. மிச்சம் 40 சதவீதம்? அவர்களுக்கு எந்தத் தேர்வும் இல்லை. நடைமுறையில் பின்னாளில் இதைவிட நிறையப் பேர் சி.எஸ்.இ. எழுதினார்கள். ஆனால் திட்டம் போடும்போதே பத்தில் நாலு பிள்ளைகளை வெறுங்கையோட அனுப்பலாம் என்றுதான் திட்டம்.

கிரேடுகள் ஐந்து. இவற்றுக்குக் கொடுத்த விளக்கம்தான் சுவாரசியம். கிரேடு 4 என்றால், சராசரித் திறமை உள்ள பதினாறு வயதுப் பிள்ளை ஒழுங்காக உழைத்தால் எடுக்கக்கூடியது. அதாவது சராசரி என்பது கடைசிக்கு முந்தின படி! கிரேடு 1 என்றால், இந்தப் பிள்ளை ஓ லெவல் படித்து எழுதியிருந்தால் பாஸ் ஆகியிருக்கக்கூடும். ‘எழுதியிருந்தால்’. ஒரு தேர்வில் ஆகச்சிறந்த முடிவுக்கே, எழுதாத இன்னொரு தேர்வை வைத்துத்தான் விளக்கம்.

இந்த இடத்தில் சி.எஸ்.இ.-க்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடணும். ஓ லெவலை நடத்திய வாரியங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. சி.எஸ்.இ.-யை நடத்தியது பதினான்கு வட்டார வாரியங்கள், அவற்றில் ஆசிரியர்களின் கை ஓங்கியிருந்தது. மூன்று ‘மோடு’ இருந்தது. மோடு 1-ல் வாரியமே பாடத்திட்டமும் தாளும் போடும். மோடு 2-ல் பள்ளி பாடத்திட்டம் போடும், வாரியம் தாள் போடும். மோடு 3-ல் பள்ளியே பாடத்திட்டம் எழுதி, தாள் போட்டு, திருத்தும், வெளியாட்கள் வந்து சரிபார்ப்பார்கள். தன் ஊரின் வரலாற்றையே ஒரு வகுப்பு பாடமாகப் படிக்கலாம். மோட்டார் வாகனம், தட்டச்சு எல்லாம் தேர்வுப் பாடங்களாக வந்தன. வருடம் முழுக்கச் செய்த வேலைக்கும் மதிப்பெண் உண்டு. மூன்று மணி நேர மனப்பாடத்தைத் தாண்டி ஒரு பிள்ளையை எடைபோடலாம் என்று பெரிய அளவில் செய்துகாட்டியது இந்த ‘ரெண்டாந்தர’த் தேர்வுதான்.

ஆனால் வேலை கொடுக்கிறவர்கள் இதையெல்லாம் எங்கே பார்த்தார்கள்? விளம்பரத்தில் ‘ஓ லெவல் அல்லது அதற்கு இணையானது’ என்று இருக்கும். அந்த ‘இணையானது’ என்ற சொல்தான் சி.எஸ்.இ. கிரேடு 1-க்கு ஒதுக்கிய நாற்காலி. பள்ளியே தாள் போட்டதா, அப்போ அது சுலபமாகத்தான் இருந்திருக்கும் என்ற சந்தேகம் கடைசிவரை போகவில்லை. காகிதத்தில் சமம், நேர்முகத் தேர்வில் சமம் இல்லை.

ஒரே வகுப்பு, ரெண்டு புத்தகம்

1960-களிலும் 70-களிலும் பெரும்பாலான ஊர்களில் லெவன் பிளஸ்ஸைத் தூக்கிவிட்டு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குப் போகிற காம்ப்ரிஹென்சிவ் முறை வந்தது. பதினோரு வயதுத் தீர்ப்பு போய்விட்டது. அப்போ எல்லாம் சரியாகிவிட்டதா?

பள்ளி ஒன்றானது, ஆனால் தேர்வு ரெண்டாகவே இருந்தது. அதனால் தீர்ப்பு பதினோரு வயதிலிருந்து பதினான்கு வயதுக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். பதினான்கு வயதில் பள்ளி முடிவு செய்யணும்: நீ ஓ லெவல் வகுப்பு, நீ சி.எஸ்.இ. வகுப்பு. அப்போது பிரபலமான ‘ஸ்கூல் மேத்தமேட்டிக்ஸ் புராஜெக்ட்’ கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ லெவல் வரிசைக்கு 1, 2, 3 என்று எண். சி.எஸ்.இ. வரிசைக்கு ஏ-யிலிருந்து ஹெச் வரை எழுத்து. நடுவில் மனசு மாறி ஓ லெவலுக்குத் தாண்ட நினைத்தால் அதுக்குப் பிறகு எக்ஸ், ஒய், இஸட் என்று கூடுதலாக மூன்று புத்தகம். மேசையில் இருக்கிற புத்தகத்தின் முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இந்தப் பிள்ளை எங்கே போகப்போகிறது என்று.

ஆசிரியர்களுக்கும் தலைவலி. யாரை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாத பிள்ளைகளை ரெண்டு தேர்வுக்கும் பணம் கட்டி எழுத வைத்தார்கள். ரெண்டு பாடத்திட்டம், ரெண்டு தேதி, ஒரே பிள்ளை.

1972-ல் பள்ளியில் இருக்கவேண்டிய வயதைப் பதினாறாக உயர்த்தினார்கள். அப்போது கல்வி அமைச்சர் யார் தெரியுமா? மார்கரெட் தாட்சர். இனி எல்லாரும் தேர்வு வயது வரை பள்ளியில் இருப்பார்கள். ஆனாலும் ஒரு ஓட்டை. குளிர்காலம் முடிவதற்குள் பதினாறு முடிந்துவிட்டால் ஈஸ்டர் விடுமுறையோட பள்ளியை விட்டு நின்றுவிடலாம். தேர்வோ கோடையில். தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னாடி சட்டப்படியே வீட்டுக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர்.

1975-ல் ஓ லெவலிலும் கிரேடு வந்தது. ஏ, பி, சி, டி, இ. இனி பாஸ், பெயில் என்ற பேச்சே இல்லை என்றார்கள். ஆனால் பழைய பாஸ் கோடு சி-க்கு அடியில் அப்படியே இருந்தது. மக்கள் முட்டாள்களா என்ன? ‘சி வரைக்கும் பாஸ்’ என்று அடுத்த நாளே புரிந்துகொண்டார்கள்.

இந்தப் பிரிவினையில் யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதற்கு ஒரு அரசுக் கணக்கே இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஏன் பள்ளியில் பின்தங்குகிறார்கள் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். 1981-ல் ராம்ப்டன் அறிக்கை என்று வந்தது. ஆறு கல்வி மாவட்டங்களில் 1978-79-ல் பள்ளி முடித்தவர்களைப் பார்த்தார்கள். ஓ லெவலில் ஏ முதல் சி வரை, அல்லது சி.எஸ்.இ.-யில் கிரேடு 1, இப்படி ஐந்து பாடங்களாவது வாங்கியவர்கள் எத்தனை பேர்? ஆசியப் பிள்ளைகளில் 18 சதவீதம். மற்றவர்களில் 16 சதவீதம். மேற்கிந்தியப் பிள்ளைகளில் வெறும் 3.

இந்த 3-ஐ எப்படிப் படிப்பது? அவர்கள் தேர்வில் தோற்றார்கள் என்று படிக்கலாம். ஆனால் அந்தக் கணக்கிலேயே சி.எஸ்.இ.-யில் 2 வாங்கினால் சேராது, 1 மட்டும்தான் சேரும். ஒரு பிள்ளையைப் பதினான்கு வயதில் சி.எஸ்.இ. வகுப்பில் உட்காரவைத்துவிட்டால், ‘நல்ல ரிசல்ட்’ என்ற பட்டியலில் நுழைய அதுக்கு ஒரே ஒரு படிதான் இருக்கிறது. ஓ லெவல் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு மூன்று படி. அந்த அறிக்கை இனவெறியையும், ஆசிரியர்களின் குறைந்த எதிர்பார்ப்பையும் காரணங்களாகச் சொன்னது. எதிர்பார்ப்பு குறைந்தால் என்ன ஆகும்? பிள்ளை சின்ன அறைக்குப் போகும்.

ரெண்டும் ஒன்றாகிறது

ரெண்டு தேர்வையும் இணைக்கணும் என்ற பேச்சு 1970-லேயே தொடங்கிவிட்டது. தொழிற்கட்சி அரசு ஒத்துக்கொண்டது, 1979-ல் ஆட்சி மாறி விஷயம் ஆறிப்போனது. கடைசியில் 1984-ல் இணைப்பை அறிவித்தவர் கீத் ஜோசப். தாட்சர் அரசின் கல்வி அமைச்சர், கொள்கையில் தாட்சருக்கே வழிகாட்டி என்று பெயர் எடுத்தவர். கன்சர்வேடிவ் கட்சியில் பலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஓ லெவலை முடித்துவைத்தது அதே கட்சியின் அமைச்சர்.

புதுத் தேர்வு ஜி.சி.எஸ்.இ. 1986-ல் பாடம் நடத்த ஆரம்பித்து, 1988 கோடையில் முதல் பரீட்சை. நடுவில் சம்பளப் பிரச்சினையில் ஆசிரியர்களின் நீண்ட போராட்டம் வேறு. சி.எஸ்.இ. கற்றுக்கொடுத்த ஒரு பெரிய விஷயம் இதில் உள்ளே வந்தது: வருடம் முழுக்கச் செய்யும் வேலைக்கு மதிப்பெண். கிரேடுகள் ஏ-யிலிருந்து ஜி வரை. ஒரே சர்டிபிகேட், ஒரே பெயர். இனி ‘நீ எந்தத் தேர்வு எழுதினே?’ என்ற கேள்வி வேலை கேட்கிற இடத்தில் எழாது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஏணியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஏ, பி, சி என்பது ஓ லெவலின் ஏ, பி, சி. அதில் சி தான் சி.எஸ்.இ.-யின் 1. அதுக்குக் கீழே டி என்பது பழைய 2, இ என்பது 3, எஃப் என்பது 4, ஜி என்பது 5. ரெண்டு ஏணியையும் ஒன்றின் தலையில் இன்னொன்றை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். ஆணி அடித்த இடம் சி.

அதோட, பல பாடங்களில் ஒரே தேர்வுக்குள் ரெண்டு, மூன்று நிலைத் தாள்கள் வந்தன. கணக்கில் பல வருடங்கள் மூன்று நிலை. ஆகக் கீழ்த் தாளை எழுதினால், முழு மதிப்பெண் எடுத்தாலும் கிடைப்பது ‘டி’ தான். அதாவது ஊரார் பாஸ் என்று நினைக்கிற சி, அந்தத் தாளில் இல்லவே இல்லை. சி.எஸ்.இ.-காரருக்காவது கிரேடு 1 என்று ஒரு வாசல் இருந்தது!

ஒரே கோடு, பல பெயர்கள்

1990-களில் பள்ளிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிட ஆரம்பித்தார்கள். அளவுகோல் என்ன? ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல். 1994-ல் உச்சியில் ஏ ஸ்டார் சேர்ந்தது. 2012-ல் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் ஓ லெவல் மாதிரித் தேர்வையே திரும்பக் கொண்டுவரப் போகிறார், படிப்பு வராதவர்களுக்கு சி.எஸ்.இ. மாதிரி ஒரு சுலபத் தேர்வு வரும் என்று செய்தி கசிந்தது. கூட்டணியில் இருந்த நிக் கிளெக் கடுமையாக எதிர்த்தார். அந்தத் திட்டம் நின்றது. அதுக்குப் பதிலாக ஜி.சி.எஸ்.இ.-யையே கடினமாக்கி, 2017-லிருந்து எழுத்துகளை எடுத்துவிட்டு 9 முதல் 1 வரை எண் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

புது எண்களில் 4 எங்கே தொடங்குகிறது தெரியுமா? பழைய சி தொடங்கிய இடத்தில்.

இப்போ வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். 1918-ல் அதன் பெயர் கிரெடிட். 1951-ல் பாஸ். 1965-ல் பக்கத்து அறையில் கிரேடு 1. 1975-ல் சி. 1988-ல் வேறு தேர்வில் அதே சி. 2017-ல் 4. நூறு வருடம், ஐந்து பெயர். ஒவ்வொரு முறையும் புதுத் தேர்வை முந்தின தேர்வோடு ஒப்பிட முடியணும் என்று கோட்டைக் கவனமாக அடுத்த தேர்வுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் அண்ணனின் சர்டிபிகேட்டையும் தங்கையின் சர்டிபிகேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் முதன்முதலில் அந்தக் கோட்டைப் போட்டது பல்கலைக்கழகத்துக்குப் போகிற சிலருக்காக. இன்றைக்கு அது எல்லாப் பிள்ளைகளையும் ரெண்டாகப் பிரிக்கிறது. இங்கிலாந்தில் வருடாவருடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் ஆங்கிலம், கணக்கு ரெண்டிலும் 4 எடுக்காமல் வெளியே வருகிறார்கள். எடுக்காதவர்கள் மேற்படிப்போட சேர்த்து அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கணும். கணக்கில் இப்போதும் ரெண்டு தாள் உண்டு. கீழ்த் தாளில் 5-க்கு மேல் கிடையாது.

இது இங்கிலாந்துக் கதை மட்டும் இல்லை. சிங்கப்பூரில் 1980-களிலிருந்து எக்ஸ்பிரஸ் பிரிவுப் பிள்ளைகள் ஓ லெவலும், நார்மல் பிரிவுப் பிள்ளைகள் என் லெவலும் எழுதிவந்தார்கள். அங்கே 2024-ல் உயர்நிலைக்குள் நுழைந்த பிள்ளைகளிலிருந்து அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். அவர்கள் எழுதப்போவது 2027-ல் தொடங்கும் ஒரே பொதுச் சான்றிதழ் தேர்வு. ஒரு பிள்ளை தமிழை மேல் நிலையிலும் கணக்கைக் கீழ் நிலையிலும் எடுக்கலாம். ஆளைப் பிரிக்காமல் பாடத்தைப் பிரிக்கிறார்கள். ஆனால் பாடத்துக்குள் ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலை அங்கேயும் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் உட்காரும் என்று யார், எந்த வயதில் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

அதனால் அடுத்த முறை யாராவது ஒரு மார்க் ஷீட்டை நீட்டினால், எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கும் முன் வேறு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உனக்குக் கொடுத்த தாளில் அதிகபட்சம் எவ்வளவு வாங்கியிருக்க முடியும்? நம்ம 1982-காரர் அந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் தன் தாளில் அந்த அதிகபட்சத்தை வாங்கியவர்.